காற்று செதுக்கிய இரும்பு: ஒரு விண்கல்லின் தோலைப் படிப்பது எப்படி

என் மேசை மேல் இருக்கும் இரும்புத் துண்டின் எடை 214 கிராம். ஐந்தரை சென்டிமீட்டர் நீளம், நான்கு அகலம், நடுவில் இரண்டரை தடிப்பு. பிடி கொழுக்கட்டையை அப்படியே இரும்பில் வார்த்தது போல, மேலே விரல் அழுத்திய பள்ளங்கள். 1947 பிப்ரவரி 12 காலை பத்தரை மணிக்கு முன்பு இது பூமியிலேயே இல்லை.

ரஷ்யாவின் தூரக்கிழக்கில், சிகோட்டே-அலின் மலைப்பகுதிக்கு மேலே, அன்று பட்டப்பகலில் ஒரு நெருப்புக்கோளம் வந்தது. இமான் என்ற ஊரில் மெத்வெதேவ் என்ற ஓவியர் அப்போது சன்னலோரம் உட்கார்ந்து படம் வரையத் தொடங்கியிருந்தார். கண்ணால் பார்த்ததை அப்படியே வரைந்து வைத்தார். அந்த ஓவியத்தை சோவியத் அரசு 1957இல் தபால்தலையாக வெளியிட்டது. அந்தப் படத்தில் இருக்கும் நெருப்புக்குள் எங்கோ என் மேசைத் துண்டும் இருந்திருக்கிறது. இதை நினைக்காமல் ஒரு நாளும் அதைக் கையில் எடுத்ததில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் இருபத்திரண்டு வருஷம் வார்ப்புகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மணலை உடைத்து எடுத்த காஸ்டிங்கின் மேல்தோலைப் பார்த்து, இது காற்று அடைத்ததால் வந்த துளை, இது மணல் உதிர்ந்த பள்ளம், இது இரண்டு பக்கத்திலிருந்து ஓடிவந்த இரும்பு ஒட்டாமல் ஆறிப்போன கோடு என்று சொல்ல வேண்டும். ஓய்வுக்குப் பிறகு அதே கண்ணை இரும்பு விண்கற்கள் பக்கம் திருப்பினேன். வார்ப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு விண்கல்லையும் படிக்கத் தெரியும், வரிசை மட்டும் தெரிந்தால் போதும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் துண்டின் மேல் காற்று வேலை செய்திருக்கிறது, அப்புறம் தரை, அப்புறம் துரு. விற்பவர்களும் வாங்குபவர்களும் எல்லாப் பள்ளத்தையும் காற்றின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். எது யார் செய்தது என்று பிரிப்பதுதான் நாம் செய்யப்போகிற வேலை.

அந்தச் சில நொடிகள்

சிகோட்டே-அலின் இரும்பு காற்றுக்குள் நுழைந்தபோது அதன் வேகம் நொடிக்கு சுமார் 14.5 கிலோமீட்டர். இந்த எண்ணை நான் மின்சாரக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் வரும் ஒவ்வொரு கிலோ இரும்பிலும் ஏறத்தாழ 29 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எங்கள் இண்டக்ஷன் உலையில் ஒரு கிலோ இரும்பை உருக்க அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். அப்படியானால் வந்த இரும்பு முழுவதும் உருகி, ஆவியாகி, ஒன்றுமே மிஞ்சாமல் போயிருக்க வேண்டும். ஏன் மிஞ்சியது?

ஏனென்றால் அந்த ஆற்றலின் பெரும்பங்கு கல்லுக்குள் போகவில்லை, காற்றுக்குள் போனது. விண்கல் உராய்வால் சூடாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உண்மையில் முக்கியமானது அமுக்கம். விலகிப் போக நேரம் இல்லாமல் கல்லுக்கு முன்னால் காற்று நசுங்கி, ஆயிரக்கணக்கான டிகிரிக்குச் சூடாகி ஒளிர்கிறது. அந்தச் சூடு கல்லின் மேல்தோலை மட்டும் உருக்குகிறது. உருகிய தோலை காற்றோட்டம் உடனே வழித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அடுத்த தோல் உருகுகிறது. அதுவும் வழித்தெடுக்கப்படுகிறது. உருகும் இரும்பு தன் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதால் உள்ளே சூடு இறங்க நேரமே கிடைப்பதில்லை. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். இரும்பு சூட்டை நன்றாகக் கடத்தும் உலோகம்தான், ஆனால் அத்தனை குறைந்த நேரத்தில் அதனால்கூட சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் சூட்டைக் கொண்டுபோக முடியாது.

அப்புறம் காற்று கல்லின் வேகத்தைக் கொன்றுவிடும். ஒளி அணையும். சிறிய துண்டுகள் மீதித் தூரத்தைச் சாதாரணமாகக் கீழே போட்ட கல் மாதிரி, நொடிக்கு நூறு, இருநூறு மீட்டர் வேகத்தில் ஒளிராமல் விழுகின்றன. கடைசியாக உருகிய தோல் அப்படியே உறைவது இந்தக் கட்டத்தில்தான். ஆக, நீங்கள் கையில் பிடித்துப் பார்க்கும் மேற்பரப்பு, காற்று கடைசியாகச் செதுக்கிவிட்டு உளியைக் கீழே வைத்த நொடியின் பதிவு. அதற்கு முந்தைய தோல்கள் எல்லாம் புகையாகப் போய்விட்டன. சிகோட்டே-அலினில் அந்தப் புகைத் தடம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, பல மணிநேரம் வானத்தில் நின்றது.

கையில் எடுக்கும் முன்

பெரிய ஆயுதம் ஒன்றும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், செல்போன் டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு மெல்லிய பருத்தித் துணி, கொஞ்சம் பஞ்சு. வெறும் கையால் தொடாதீர்கள். வியர்வையில் இருக்கும் உப்பு இரும்பு விண்கல்லுக்கு விஷம். பவுண்டரியில் மெஷின் செய்த பளபளப்பான முகத்தில் யாராவது கை வைத்தால் மறுநாள் ஐந்து விரலும் துருவில் தெரியும். அதே கதைதான் இங்கும்.

பலமான காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விண்கல்லுக்குள் பழைய காந்தப் பதிவு இருந்தால் அது அழிந்துவிடும். அதோடு, இரும்புக் கசடும் கடையில் கிடைக்கும் இரும்புத் துண்டும்கூட காந்தத்தில் ஒட்டும். அதனால் காந்தம் ஒட்டியது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

விளக்கைத் தாழ்த்துங்கள்

அறையை இருட்டாக்குங்கள். கல்லை வெள்ளைத் துணிமேல் வையுங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, பக்கவாட்டில் அடியுங்கள். கல்லை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். வார்ப்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்தது இதைத்தான். மேலிருந்து வரும் வெளிச்சம் பள்ளத்தை நிரப்பிவிடும். பக்கவாட்டு வெளிச்சம் பள்ளத்துக்கு நிழல் கொடுக்கும்.

முதலில் நிறம். அன்று விழுந்து அன்றே எடுத்த இரும்பு விண்கல்லின் தோல், ரோலிங் மில்லிலிருந்து வந்த புதுத் தகட்டைப் போல நீலம் கலந்த கருப்பாக இருக்கும். காரணமும் ஏறத்தாழ ஒன்றுதான்: சுட்ட இரும்பின் மேல் காற்று பட்டு உண்டான ஆக்சைடு. இதை உருகுதோல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பு. வெளியே ஆக்சைடு, அதற்கு உள்ளே உருகி உறைந்த உலோகம். சிகோட்டே-அலின் துண்டுகளில் நல்ல தோல் இருப்பவை இன்றும் கிடைக்கின்றன. பல வருஷம் காட்டு ஈரத்தில் கிடந்து பின்னால் எடுக்கப்பட்டவையும் நிறைய. அவற்றில் தோல் பழுப்பேறி, இடையிடையே உதிர்ந்திருக்கும்.

அடுத்து, லென்ஸை வைத்துக்கொண்டு கோடுகளைத் தேடுங்கள். தோல் மேல் தலைமுடியைப் போல மெல்லிய மேட்டுக்கோடுகள், ஒரே திசையில் ஓடுபவை. உருகிய இரும்பைக் காற்று தள்ளிக்கொண்டு போனபோது வழியிலேயே உறைந்த தடம் அது. ஓட்டக்கோடு. இதைப் பார்த்துவிட்டால் பாதிக் கதை கிடைத்துவிட்டது. வேறு எந்த அடையாளத்தையும்விட நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். துரு பள்ளம் போடும், தரை நெளிக்கும், ஆனால் ஒரு மையத்திலிருந்து விரிந்து ஓடும் ஓட்டக்கோடுகளை அவை இரண்டும் செய்யாது.

என் 214 கிராமில் இந்தக் கோடுகளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. முதல் இரண்டு நாள் டார்ச்சை அதிக உயரத்தில் பிடித்திருந்தேன்.

விரல்குழிகள்

இப்போது பள்ளங்களுக்கு வருவோம். அறிவியலில் இவற்றுக்கு ரெக்மாக்ளிப்ட் என்று பெயர், கிரேக்கச் சொற்களிலிருந்து கட்டியது. பேச்சில் எல்லோரும் பெருவிரல் பதிவு என்பார்கள். நான் விரல்குழி என்று வைத்துக்கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் டோப்ரே என்ற பிரெஞ்சுப் புவியியலாளர், வெடிமருந்து எரிந்து பாயும் வாயுவை உலோகத்தின் மேல் பாய்ச்சி இதே மாதிரிப் பள்ளங்களைச் சோதனையில் உண்டாக்கிக் காட்டினார். பாயும் சூடான வாயு உலோகத்தில் குழி தோண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எப்படித் தோண்டுகிறது? மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று சீராக ஓடாது, சுழல்களாக உடையும். எங்காவது ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் அங்கே சுழல் தங்கும். சுழல் தங்கிய இடத்தில் சூடு அதிகம், உருகுவதும் அதிகம். பள்ளம் ஆழமாகும். ஆழமானதால் சுழல் இன்னும் நன்றாகத் தங்கும். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் குழிகளுக்கு இடையே மழுங்கிய வரப்பு மட்டும் மிஞ்சும். வயலில் பாத்தி கட்டியது போல. சுண்ணாம்புக் குகைகளில் நீரோட்டம் சுவரில் இதே மாதிரிச் செதில் செதிலாகக் குழி போடும், பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும்.

கல்லில் பார்க்க வேண்டியது இவை.

குழியின் விளிம்பு. காற்று செய்த குழிக்குக் கூர்மையான விளிம்பு இருக்காது. ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு விரலை ஓட்டினால், துணியோடுதான், மேடு ஏறி இறங்குவது தெரியும், வெட்டாது. குழியின் ஆழத்தைவிட அகலம் எப்போதும் அதிகமாக இருக்கும். அகலத்தைவிட ஆழம் அதிகமான துளையைப் பார்த்தால் நின்று யோசியுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குழியின் அளவு. தோராயமாக, விண்கல்லின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அரை மீட்டர் கல்லில் ஐந்து சென்டிமீட்டர் குழிகள், ஐந்து சென்டிமீட்டர் கல்லில் அரை சென்டிமீட்டர் குழிகள். என் துண்டில் ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் வரை அளந்தேன். இது கட்டைவிரல் கணக்குதான், சட்டம் இல்லை. சின்னத் துண்டில் பெரிய குழி ஒன்று இருந்தால், அது ஒரு பெரிய கல்லின் முகத்தைச் சுமந்துகொண்டு கடைசி நேரத்தில் உடைந்து வந்த துண்டாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

இதிலிருந்து ஒரு அருமையான விஷயம் வருகிறது. ஒரே துண்டின் எல்லா முகங்களிலும் குழிகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு முகத்தில் நன்றாக வளர்ந்த குழிகள், இன்னொரு முகத்தில் மேலோட்டமான சின்னக் குழிகள், மூன்றாவது முகத்தில் குழியே இல்லாமல் வெறும் உருகுதோல் மட்டும் என்று இருந்தால், அந்தக் கல் வானத்திலேயே படிப்படியாக உடைந்திருக்கிறது. நன்றாகக் குழி விழுந்த முகம் முதலிலிருந்து காற்றைப் பார்த்தது. மேலோட்டமான முகம் நடுவழியில் உடைந்து திறந்தது. குழி இல்லாத முகம் காற்று ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் முன்பு திறந்தது. எந்த முகம் எப்போது பிறந்தது என்று வயது வரிசை எழுதிவிடலாம். சிகோட்டே-அலின் இரும்பு மேலே உடைய ஆரம்பித்து, ஆறு கிலோமீட்டருக்கும் தாழ்வான உயரத்தில் பெரிதாக வெடித்துச் சிதறியது. அதனால்தான் ஒரே வீழ்ச்சியில் எல்லா வயது முகங்களும் கிடைக்கின்றன. படிக்கப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

குழியின் நீட்சி. வட்டமான குழியா, ஒரு பக்கம் இழுத்துவிட்ட முட்டை வடிவமா? இழுபட்ட குழிகள் காற்றோட்டத்தின் திசையைக் காட்டும். இதை வைத்து அடுத்த வேலையைச் செய்யலாம்.

மூக்கு எங்கே?

பெரும்பாலான விண்கற்கள் உருண்டு புரண்டுகொண்டே வரும். எல்லாப் பக்கமும் மாறி மாறிச் சுடும், எல்லாப் பக்கமும் குழி விழும். ஆனால் சில கற்கள் ஒரே முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, புரளாமல் வந்து சேரும். முன்முகம் கூம்பாக அல்லது கவசம் போலக் குவிந்துவிடும், பின்முகம் தட்டையாக இருக்கும். இப்படி நிலையாக வந்த கல்லுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மரியாதை உண்டு.

கண்டுபிடிக்கும் முறை இது. கல்லை எல்லாப் பக்கமும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, பெரிதாக அச்செடுங்கள். ஒவ்வொரு இழுபட்ட குழியின் மேலும், ஒவ்வொரு ஓட்டக்கோட்டின் மேலும் சிவப்புப் பேனாவால் அம்பு போடுங்கள். கல்லின் மேல் எதையும் எழுத வேண்டாம், படத்தின் மேல்தான். முடித்த பிறகு தள்ளி வைத்துப் பாருங்கள். அம்புகள் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து பூ விரிந்தது போல விரிந்தால், அந்தப் புள்ளிதான் மூக்கு. நாலாபக்கமும் தாறுமாறாகப் போனால், கல் புரண்டுகொண்டே வந்தது. அதுவும் ஒரு விடைதான், ஏமாற்றம் வேண்டாம்.

மூக்கு கிடைத்தால் அதைச் சுற்றிப் பாருங்கள். மூக்கின் உச்சியில் குழிகள் ஆழமில்லாமல், பரப்பு வழுவழுப்பாக இருக்கும். சரிவில் இறங்க இறங்க குழிகள் நீண்டுகொண்டு போகும். விளிம்புக்கு வந்ததும் துணி சுற்றிய விரலால் தடவுங்கள். பின்பக்கமாக மடிந்த ஒரு உதடு தட்டுப்படுகிறதா? முன்முகத்தில் உருகியதைக் காற்று விளிம்பு வரை தள்ளிக்கொண்டு வந்து, அதைத் தாண்டியதும் காற்று விலகிவிட, இரும்பு அங்கேயே உறைந்து நின்ற இடம் அது. கேஸ் கட்டிங்கில் தகட்டின் அடிவிளிம்பில் தாடி மாதிரித் தொங்குமே, அதேதான். எங்கள் உலைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்த பெரியவர் ஒருவரிடம் என் துண்டின் இந்த உதட்டைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "லேடில்ல இருந்து வழிஞ்சது மாதிரி இல்லீங்க அம்மிணி. இது ஊதித் தள்ளுனது" என்றார். (லேடில் என்பது உருகிய இரும்பை ஊற்றும் வாளி.) விண்கல் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

பின்முகம் வேறு மாதிரி இருக்கும். அங்கே காற்று மோதவில்லை, கல்லுக்குப் பின்னால் வெறுமையான நிழல்தான். முன்னாலிருந்து தெறித்த துளிகள் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். தோல் கொஞ்சம் தடிப்பாக, சொரசொரப்பாக, ஓட்டக்கோடு இல்லாமல் இருக்கும். குழிகள் இருந்தால் அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும்.

நிலையாக வந்த இரும்புக்கு உதாரணம் பார்க்க வேண்டுமென்றால், 1886 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் விழுந்த கேபின் க்ரீக் விண்கல்லின் படத்தைத் தேடிப் பாருங்கள். ஏறத்தாழ 48 கிலோ, கேடயம் போன்ற வடிவம், இப்போது வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தின் மேல் அம்பு போட்டுப் பழகினேன்.

கூம்பு வடிவம் எப்படி வருகிறது என்பதை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அழகாகச் சோதித்து, 2019இல் வெளியிட்டது. நீரோட்டத்தில் களிமண்ணைக் கரையவிட்டார்கள். அது கூம்பாகச் செதுங்கியது. பின் பல கோணங்களில் கூம்புகளைச் செய்து நீரில் விட்டுப் பார்த்தார்கள். ரொம்பக் கூரானவை புரண்டுவிட்டன. ரொம்பத் தட்டையானவை முன்னும் பின்னுமாக ஆடின. நடுத்தரக் கோணத்தில் இருந்தவை மட்டும் நேராக, நிலையாக இறங்கின. நிலையாக இருப்பது கூம்பாகச் செதுங்கும், சரியான கூம்பு நிலையாக இருக்கும். ஒன்றுக்கொன்று கைகொடுக்கிறது.

காற்று செய்யாதவை

இந்தப் பகுதிக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

ஏழெட்டு வருஷம் முன் ஒருவரிடம் சிகோட்டே-அலின் என்று சொல்லி ஒரு துண்டு வாங்கினேன். 90 கிராம், நல்ல கருப்பு, நிறையக் குழிகள். முதல் நாளே பக்கவாட்டு வெளிச்சத்தில் எனக்கு உறுத்தியது. குழிகளுக்குள்ளே ஒன்றுக்கொன்று இணையான மெல்லிய கீறல்கள், எல்லாக் குழியிலும் ஒரே திசை. காற்று மேட்டில் ஒரு திசையில் போனால் குழிக்குள் வளைந்துதான் போகும். இது கம்பிப் பிரஷ். பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு ஒரு ஓரத்தில் தேய்த்தேன். பஞ்சு கருப்பானது, கல் பழுப்பானது. பெயின்ட். இரும்பு விண்கல் என்றால் நிக்கல் கலந்திருக்கும், அது இருக்கிறதா என்று பார்க்க டைமெதில்கிளையாக்ஸைம் சோதனை செய்தேன், பஞ்சு இளஞ்சிவப்பானது. ஆக இரும்பு விண்கல்தான், அதில் பொய் இல்லை. ஆனால் குழிகள் வானத்தில் விழுந்தவை இல்லை. மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்து துரு தின்ற குழிகள். நிறமும் பெயரும்தான் பொய்.

துருக்குழியை எப்படிப் பிரிப்பது? அதன் விளிம்பு கூராக இருக்கும், அரித்துப்போன பல்லைப் போல. உள்சுவர் சில இடங்களில் வாயைவிட அகலமாகக் குடைந்திருக்கும். குழியின் அடியில் ஏடு ஏடாக உரியும். ஒழுங்கான அளவு இருக்காது, பெரிதும் சிறிதும் கலந்திருக்கும். முக்கியமாக, குழிக்குள்ளும் வரப்பின் மேலும் ஒரே தொடர்ச்சியான உருகுதோல் இருக்காது.

இதில் பெரிய மனிதர்களே ஏமாந்துபோகும் கல் ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. வில்லாமெட் இரும்பு, 15.5 டன், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். ஒரு குழந்தை உட்காரக்கூடிய அளவுக்குக் குழிகள். பார்ப்பவர்கள் எல்லோரும் வானம் எரித்த குழிகள் என்றே நினைப்பார்கள். இல்லை. ஆரெகன் மாநிலத்தின் ஈரக்காட்டில் ஆயிரக்கணக்கான வருஷம் மழை பெய்து, விண்கல்லில் இருந்த கந்தகக் கனிமத்தோடு சேர்ந்து, நீர்த்த கந்தக அமிலமாகி, மெல்ல மெல்லத் தின்றது. ஆனால் அந்தக் கல்லின் மொத்த வடிவம், மணியைக் கவிழ்த்தது போன்ற கூம்பு, அது மட்டும் காற்று கொடுத்தது. ஒரே கல்லில் வடிவம் காற்றின் வேலை, குழி மழையின் வேலை. அந்தக் குழிகளில் தேங்கும் மழைநீரை அந்த மண்ணின் க்ளாக்கமாஸ் மக்கள் புனிதமாகக் கருதினார்கள். மழையின் வேலை என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தக் குழிகள் மேல் மதிப்பு கூடியது.

அகலத்தைவிட ஆழம் அதிகமான துளை என்று முன்னால் சொன்னேனே, அது பெரும்பாலும் ட்ரோய்லைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், விண்கல்லுக்குள் உருண்டையாகவும் குச்சியாகவும் பதிந்திருக்கும். இரும்புக்கு முன்பே உருகிவிடும். காற்று அதைத் தொட்டதும் அந்த இடம் மட்டும் சீக்கிரம் காலியாகி, துளையிட்டது போல வட்டமான குழி விழும். விளிம்பில் உருகுதோல் உள்ளே வழிந்திருந்தால் வானத்திலேயே காலியானது. தோல் இல்லாமல் துரு மட்டும் இருந்தால் பின்னால் மண்ணில் அரித்தது.

அப்புறம் தரை. சிகோட்டே-அலினில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, தனியாக வந்து விழுந்த, குழியும் தோலும் உள்ள துண்டுகள். மற்றது, சிதறல். பெரிய கட்டிகள் வேகம் முழுக்கக் குறைந்துவிடாமல் வந்து பாறையில் மோதி, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளங்களை உண்டாக்கின, பெரிய பள்ளம் 26 மீட்டர் அகலம். மோதிய இரும்பு குண்டுச்சிதறல் போலக் கிழிந்து தெறித்தது. அந்தத் துண்டுகளில் விரல்குழி இருக்காது. முறுக்கிய விளிம்பு, கிழிந்த நுனி, கத்தி மாதிரிக் கூர். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஒருமுறை வெட்டியிருக்கிறது. சில துண்டுகளில் ஒரு பக்கம் விரல்குழி, மறுபக்கம் கிழிசல். அவற்றைக் குறைந்த விலையில் தள்ளிவிடுவார்கள். என்னைக் கேட்டால் படிக்க மிகச் சிறந்தவை அவைதான், வானமும் தரையும் ஒரே கைப்பிடியில் இருக்கின்றன. எகிப்தின் தென்கோடியில் கெபல் கமில் என்ற 45 மீட்டர் பள்ளத்தைச் சுற்றியும் இதே நிலை. ஆயிரக்கணக்கான சிதறல்களுக்கு நடுவே, விரல்குழிகளோடு முழுசாக வந்த துண்டு ஒன்றே ஒன்று, 83 கிலோ.

கடைசியாகக் கசடு. வாரத்துக்கு ஒருவராவது உலைக் கசட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். உடைந்த முகத்தில் குமிழ்த் துளைகள் இருந்தால் கசடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு விண்கல் உள்ளே பஞ்சு மாதிரி இருக்காது, திடமாக, அளவுக்கு மீறிய கனத்தோடு இருக்கும். நம் ஊரில் கிடைக்கவே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. 1898இல் கோடைக்கானலில் ஏறத்தாழ 16 கிலோ இரும்பு விண்கல் ஒன்று கிடைத்தது, உலக ஆய்வாளர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். கிடைக்கும், ஆனால் அரிது.

அறுத்துப் பார்க்க வாய்த்தால்

உங்கள் கல்லை அறுக்காதீர்கள். ஆனால் ஏற்கெனவே அறுத்த துண்டு கிடைத்தால், முகத்தை மெருகேற்றி நைட்டாலில், அதாவது நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில், தோய்த்துப் பாருங்கள். உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது கைவந்தது. விளிம்பை ஒட்டி, சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை தனியாகத் தெரியும். உள்ளே இருக்கும் பெரிய பழைய படிக அமைப்பு அந்தப் பட்டையில் கலைந்து, பொடி மணலாகத் தெரியும். காற்றுக்குள் வந்தபோது சுமார் 750 டிகிரிக்கு மேல் சூடேறி மாறிய இடம் அது. மேலே பார்த்த குழி காற்று செய்ததா, துரு செய்ததா என்ற வழக்குக்கு இதுதான் கடைசித் தீர்ப்பு. குழியின் அடியிலும் இந்தப் பட்டை வளைந்து தொடர்ந்து வந்தால் காற்று. பட்டை குழியில் அறுந்துபோய் உள் இரும்பு நேரே வெளியே தெரிந்தால் துரு அல்லது தரை. டென்மார்க்கின் உலோகவியலாளர் வாக்ன் புக்வால்ட் இந்தப் பட்டையின் மிச்சத்தை வைத்தே ஒரு விண்கல் மண்ணில் எவ்வளவு தேய்ந்தது என்று கணக்கிட்டார். எங்கள் கூடத்தில் வெல்டிங்கின் பக்கத்தில் சூடு பாதித்த பகுதியை அளந்ததும் இதே கண்ணால்தான்.

வைக்கும் முறையும் ஒரு அட்டையும்

பார்த்து முடித்ததும் தூய ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்க உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறட்டிக்கொள்ளலாம், சமைக்கும் வாணலியில் அல்ல. கடலோர ஊரில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். கோவையில் எனக்கு மூன்று மாதம் தாங்குகிறது. தண்ணீரில் மட்டும் கழுவவே கழுவாதீர்கள்.

டப்பாவுக்குள் ஒரு அட்டை எழுதிப் போடுங்கள். பார்த்த அன்றே எழுதாவிட்டால் எந்த முகம் எது என்று மறந்துபோகும். என் அட்டையில் இப்படி இருக்கிறது:

சிகோட்டே-அலின், 214 கிராம். அ முகம்: குழிகள் 5–8 மி.மீ., நன்றாக வளர்ந்தவை, மூக்கு மேல் ஓரத்தில், அம்புகள் பதினொன்றில் ஒன்பது பொருந்துகின்றன. ஆ முகம்: மேலோட்டமான குழிகள், பின்னால் திறந்தது. உதடு ஆ முகத்தின் பக்கம், 2 செ.மீ. நீளம். இ முகம்: குழி இல்லை, உருகுதோல் உண்டு, ஐந்து துளிகள் ஒட்டியிருக்கின்றன. அதே முகத்தில் ஒரு வட்டத் துளை, 3 மி.மீ. அகலம், 4 ஆழம், தோல் உள்ளே இறங்குகிறது. ட்ரோய்லைட்டாக இருக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்க்கணும்.